கடிக்காத நேரத்தில் அது எங்கே இருக்கிறது?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். அலங்காநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். ஒரு மாதமாக வீட்டில் எல்லோரும் ராத்திரி ஆனால் சொறிகிறார்கள், 8 மாதக் கைக்குழந்தையும் சேர்த்து. கொல்லையில் நாட்டுக்கோழி. கொட்டத்தில் ஒரு காளைக்கன்று, அதற்கு உடம்பெல்லாம் உண்ணி. கொசுத் தொல்லை தனி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் போதுமா, இங்கிலீஷ் மருந்து இல்லாமல் இவ்வளவையும் சமாளிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் வாடிப்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் இப்போதும் இரண்டு மாடும் பத்துப் பதினைந்து கோழியும் இருக்கின்றன. வேப்ப மரம் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. அதனால் பச்சிலை மேல் மதிப்பு வைத்துத்தான் பேசுகிறேன்.

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் இதில் நான்கு தனித்தனி உயிர்கள் இருக்கின்றன. எந்தப் பூச்சியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, கடிக்கிற நேரம் போக மிச்ச நேரம் அது எங்கே குடியிருக்கிறது என்பதைத்தான். கொசு தண்ணீர் டிரம்மில் பிறக்கிறது. கோழிச்செள்ளு கூட்டின் இடுக்கில் பதுங்குகிறது. உண்ணி கொட்டத்துச் சுவர் விரிசலில் முட்டை வைக்கிறது. சிரங்குப் பூச்சி மட்டும் எங்கேயும் போவதில்லை, மனிதத் தோலுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. வாசனையும் கசப்பும் காட்டி விரட்டுவதில் செடிகள் கெட்டி. ஆனால் விரட்டினால் ஓடுகிற பூச்சியிடம்தான் அது பலிக்கும். தோலுக்குள் இருப்பது ஓடாது.

முதலில் சொறி. அது சிரங்கா, கோழிச்செள்ளா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். பெரியவர்களுக்கு விரல் இடுக்கு, இடுப்பில் துணி இறுக்குகிற இடம், மார்பு, மர்ம உறுப்பு. சின்னச் சின்னப் பரு, அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நூல் போல ஒரு கோடு, ராத்திரி படுத்த பிறகு அதிகமாகிற அரிப்பு, வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும். இப்படி இருந்தால் பெரும்பாலும் சிரங்குதான். கோழிச்செள்ளு என்றால் கோழியைப் பிடித்து அடைக்கிறவர், கூட்டுக்குப் பக்கத்தில் படுக்கிறவர் ஆகியோருக்குத்தான் கடி அதிகம் இருக்கும். அது தோலைத் துளைத்து உள்ளே போகாது, நம் உடம்பில் குடியேறவும் செய்யாது. கூட்டைச் சரிசெய்தால் நின்றுவிடும். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் இருப்பது சிரங்கு என்றே எனக்குப் படுகிறது. ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பெரியாஸ்பத்திரி தோல் பிரிவிலோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பூச்சியின் பிழைப்பைத் தெரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக்கொண்டே போய், தினம் இரண்டு மூன்று முட்டை இடும். 3, 4 நாளில் பொரியும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்து ஆளாகிவிடும். ஒருவர் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அவ்வளவு அரிப்பும் அந்தப் பத்துப் பூச்சியின் கடியால் வருவது இல்லை; அதன் எச்சத்தையும் எச்சிலையும் நம் உடம்பு ஒத்துக்கொள்ளாததால் வருவது. முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இன்று அரிக்காதவர் உடம்பிலும் பூச்சி இருக்கலாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

என் வீட்டிலேயே இது நடந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது மூத்த பேரனுக்குச் சிரங்கு. எல்லோருக்கும் களிம்பு பூசினோம். என் மாமியார் மட்டும், எனக்கு ஒன்றும் இல்லை, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று பூசிக்கொள்ள மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்துப் பச்சைக் குழந்தையின் உள்ளங்காலில் பருக்கள். பேரன் தினமும் பாட்டியோடுதான் படுப்பான். பாட்டி குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டுவார். ஊரெல்லாம் போய் 'எல்லோரும் ஒரே நாளில்' என்று சொன்னவள் என் வீட்டில் விட்டுக்கொடுத்துவிட்டேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

சரி, வேப்பிலை மஞ்சளுக்கு வருவோம். இதற்கு ஆதாரமே இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. 1992ல் வெளியான ஓர் ஆய்வில் சிரங்கு வந்த 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். 97 சதவீதம் பேருக்கு 3 நாளிலிருந்து 15 நாளுக்குள் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு முன்னோட்ட ஆய்வு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து பூசிய குழு இல்லை. என் அனுபவத்தில் இந்த விழுது அரிப்பைத் தணிக்கிறது, புண்ணை ஆற்றுகிறது. பெரியவர்கள் தலை முதல் கால் வரை விடாமல் தினம் பூசினால் பலருக்குக் குறைந்தும் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஏழு பேர் பதினைந்து நாள் ஓர் இடம் விடாமல் பூசிக்கொள்வது நடக்காத காரியம். ஒருவர் விட்டால் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

அதனால் நான் சொல்வது பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. சாயங்காலம் குளித்து, உடம்பு உலர்ந்து ஆறிய பிறகு, கழுத்துக்குக் கீழே விரல் இடுக்கு, நக அடி, பிறப்புறுப்பு, பாதம் எல்லாம் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும்கூடப் பூச வேண்டும், கண்ணும் வாயும் தவிர. விரலைச் சப்புகிற குழந்தை என்றால் கைக்குத் துணியுறை போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு இது கொடுக்கலாம், உங்கள் குழந்தைக்கு 8 மாதம் ஆகிவிட்டது. பெரியவர் ஒருவருக்குச் சுமார் 30 கிராம் தேவைப்படும். ஒரு டியூபை வாங்கி ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வதால்தான் பல வீடுகளில் பலிப்பதில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். முதல் பூச்சில் தப்பிய முட்டையிலிருந்து வந்ததைப் பிடிக்க அந்த இரண்டாவது முறை.

இயற்கையானதே வேண்டும் என்று உறுதியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கந்தகக் களிம்பு இருக்கிறது. 5 முதல் 10 சதவீதக் கந்தகத்தை வாசலினில் சேர்த்த களிம்பு. அடுத்தடுத்து மூன்று ராத்திரி பூசுவது. நம் சித்த வைத்தியமும் தோல் நோய்க்குக் கந்தகத்தைத்தான் நம்பியது. நாற்றம் அடிக்கும், துணியில் கறை பிடிக்கும். ஆனால் பிறந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்கூடப் பாதுகாப்பானது என்று இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. கந்தகக் கட்டியை வாங்கி வீட்டில் அரைத்துக் குழைக்க வேண்டாம், அளவு தவறினால் தோல் வெந்துவிடும். மருந்துக் கடையிலோ சித்த மருத்துவரிடமோ தயாராக வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் தேவைப்பட்டால் ஐவர்மெக்டின் மாத்திரை எழுதுவார் (15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுப்பதில்லை). அது ஜப்பானில் ஒரு பிடி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து. அதற்காகச் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015ல் நோபல் பரிசு வாங்கினார்கள். பெர்மெத்ரின், சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இருக்கிற பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தது. கந்தகம் மண்ணிலிருந்து வருவது. அப்படிப் பார்த்தால் எது இயற்கை, எது செயற்கை என்று கோடு போடுவது கடினம். எந்த அளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்று தெரிந்த மருந்தா என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

களிம்பு பூசுகிற அன்றே மூன்று நாளாக உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை, தொட்டில் சேலை எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க முடியாத மெத்தையையும் கம்பளியையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. அதனால் வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. பூசிய பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து தினமும் களிம்பு பூச வேண்டாம். உங்கள் வேப்பிலை மஞ்சளுக்கு வேலை இங்கேதான்; தேங்காய் எண்ணெயும் சேர்த்துப் பூசினால் தோல் அமைதியாகும்.

மெடிக்கலில் சொறிக்கு என்று கேட்டால் சிலர் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்து நீட்டிவிடுவார்கள். நான் பார்த்ததிலேயே அதிகம் கெடுதல் செய்தது அதுதான். இரண்டு நாள் அரிப்பு அடங்கும். உள்ளே பூச்சி பெருகும். பிறகு பார்க்கிற மருத்துவருக்கே சிரங்கு என்று அடையாளம் தெரியாமல் போகும். அப்புறம், சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் அலட்சியம் வேண்டாம். அந்தக் கிருமியால் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கும். முகம் வீங்கினாலோ சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி.

கோழிக்கூட்டுக்கு வந்தால் நம் பாட்டிமார் முறைகளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். செள்ளு பகலில் கட்டை இடுக்கிலும் மண்சுவர் ஓட்டையிலும் கிடந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ரத்தத் தீற்றல் விழுந்தால் செள்ளு இருக்கிறது. பஞ்சாரம், கழி, அடைவைத்த கூடை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். சுவருக்கு விரிசல் நிரம்புகிற மாதிரி சுண்ணாம்பு அடியுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கோழியே இல்லாமல் காலிக் கூட்டில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் அது பிழைக்கும், அதனால் கூட்டைச் சும்மா பூட்டி வைப்பதில் பயன் இல்லை. அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டுவிட்டால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

காளைக்கன்றுக்கு உண்ணி. தை பிறந்தால் வாடிவாசலில் விடப்போகிற கன்றை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி அவர்கள் பரப்பிய மூலிகைக் கரைசல் ஒன்றைத்தான் நான் பயன்படுத்துகிறேன். பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை. வசம்பு மதுரைக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். உண்ணிச்செடியை மாடு தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தின்றால் ஈரல் கெட்டுவிடும். அரைத்த சக்கையையும் காடியில், அதாவது தீனித் தொட்டியில், கொட்டாதீர்கள்.

பலரும் கன்றின் உடம்போடு நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டத்து விரிசலில் 2,000, 3,000 முட்டை வைக்கும். மிச்சக் கரைசலைச் சுவர் இடுக்கிலும் தரை ஓரத்திலும் காடிக்கு அடியிலும் தெளியுங்கள். விரிசலைச் சாந்து வைத்து அடையுங்கள். கன்று தீனி எடுக்காமல் காய்ச்சலாக இருந்தாலோ, காபி நிறத்தில் சிறுநீர் போனாலோ மூலிகையோடு நிற்க வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புகையிலைத் தண்ணீர் தெளிப்பதும் நம் பக்கம் வழக்கம். நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும், கன்றுக்கும் ஆபத்து, தெளிக்கிறவருக்கும் ஆபத்து. வயலுக்கு அடிக்கிற மருந்தை மாட்டுக்கோ, பேனுக்கென்று பிள்ளைகள் தலைக்கோ எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

கொசுவுக்கு வேப்பெண்ணெய் நன்றாகவே உதவும். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய் கலந்து கை காலில் தடவிக்கொண்டால் மலேரியா பரப்பும் கொசு ராத்திரி முழுக்க அண்டவில்லை என்று நம் நாட்டிலேயே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். பகலில் கடிக்கிற டெங்குக் கொசுவுக்கு அந்த அளவு பலன் எதிர்பார்க்க வேண்டாம். கொடைக்கானல் போய்வந்தால் வாங்குகிற யூகலிப்டஸ் தைலத்தையும் சிலர் தடவுகிறார்கள். கொசுவிரட்டி என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது எலுமிச்சை வாசனை அடிக்கிற வேறு யூகலிப்டஸிலிருந்து தயாரிப்பது. மலைத் தைலம் சளிக்கு நல்லது, கொசுவுக்கு அது இல்லை. கைக்குழந்தைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். பகலில் தூங்கும்போதும் தொட்டிலுக்குக் கொசுவலை, அது போதும்.

நொச்சி, வேப்பிலை மூட்டம் கொட்டத்துக்கு அருமையானது, மாடு நிம்மதியாக அசைபோடும். ஆனால் குழந்தை படுக்கிற அறையில் போடாதீர்கள். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வருகிறது என்று 2003ல் கணக்கிட்டார்கள். பச்சிலை என்பதால் அதன் புகை நெஞ்சுக்கு இதமாகிவிடாது. நொச்சிச் செடியை வாசலில் நட்டுவைத்தால் மட்டும் கொசு போகாது. இலையை எரிக்கும்போதோ கசக்கும்போதோதான் வாசனை கிளம்பும்.

எப்படியும் வேலை டிரம்மில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கிறோமே, அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள். வாரம் ஒருநாள் காலி செய்து உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிறகு டிரம்மின் வாயை வேட்டித் துணியால் கட்டுங்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியையும் மறக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மழைக்குப் பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை, புதர்க் காட்டில் மாடு மேய்க்கிறவர்களை ஒருவகைச் செம்பூச்சியின் குஞ்சு கடிக்கும். கண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அதனால்தான் வருகிறது. கடித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது மாதிரி வலிக்காத ஒரு கருப்புப் பொருக்கு. அதைப் பார்த்தால் பச்சிலையோடு ஒருநாளும் வீணாக்க வேண்டாம். டாக்ஸிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரையில் சரியாகிற நோய், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. புதருக்குப் போகும்போது முழுக்கால் துணியும் செருப்பும் போடுங்கள், துண்டைப் புல்மேல் விரித்துப் படுக்காதீர்கள், வந்ததும் துணியை மாற்றித் தேய்த்துக் குளியுங்கள்.

கடைசியாக மூன்று பொருள்கள் குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வேப்பெண்ணெய் மேலுக்கு மட்டும். வயிற்றுப் பூச்சிக்கென்று ஒரு ஸ்பூன் புகட்டியே பிள்ளைகளுக்கு வாந்தி, மூச்சிரைப்பு, வலிப்பு வந்திருக்கிறது. கற்பூரம் கரைத்த எண்ணெயும் விழுங்கினால் வலிப்பு வரும். மூன்றாவது பேனுக்கு அரைக்கிற சீதாப்பழ விதைப் பொடி. சிறுமலைச் சீதாப்பழம் வருகிற காலத்தில் விதையைக் காயவைத்து வைப்பார்கள். பேன் சாகத்தான் செய்யும், ஆனால் குளிக்கும்போது அந்தப் பொடி கண்ணில் இறங்கினால் கருவிழி வெந்து புண்ணாகிவிடும். உங்கள் வீட்டில் யாராவது டப்பாவில் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பேனுக்குத் தேங்காய் எண்ணெய் நிறையத் தடவி, ஈர்கொல்லிச் சீப்பால் மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் வாருங்கள்.

களிம்பு பூசுவதற்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலத்தை வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், துணி துவைக்கக் கை கிடைக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது வேண்டாம் என்றால் முதலில் அவர்களுக்குப் பூசிவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு.